ஓசை பொறாத குழந்தைகளும் நம் ஊர்த் திருவிழாவும்

(திண்டிவனத்தில் ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மேடை அமைத்து, ஒலிபெருக்கி வைத்து எங்களைப் பேச அழைத்திருக்கிறீர்கள். அந்த ஒலிபெருக்கியைப் பற்றியே இன்று சில குறைகள் சொல்ல வேண்டியிருக்கிறது; பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தேர்த் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் வந்தான். அதிர்வேட்டு வெடித்ததும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறித் தரையில் விழுந்து புரண்டான். சுற்றி நின்றோர் ஆளுக்கொரு யோசனை கூறினர். ஒருவர் இரண்டு அடி போடச் சொன்னார். இன்னொருவர் மந்திரிக்கச் சொன்னார். சிறுவனோ பிடியை உதறிவிட்டு வரப்பு வழியே ஓடி, மோட்டார்க் கொட்டகை ஒன்றினுள் புகுந்து உட்கார்ந்துகொண்டான். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. “வேட்டுச் சத்தத்துக்குக் கத்துகிறவன் மோட்டார்ச் சத்தத்தில் எப்படிச் சும்மா இருக்கிறான்? எல்லாம் பாசாங்கு” என்று பெரியவர் ஒருவர் தீர்ப்புக் கூறினார். அடுத்த ஆண்டு அக்குடும்பம் தேருக்கு வரவில்லை. அன்று முழுவதும் தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைச் சாத்தி உள்ளே இருந்ததாகப் பிறகு அறிந்தோம்.

பெரியவரின் தீர்ப்பு தவறானது. மோட்டாரின் ஓசை ஒரே சீராக வருவது. அடுத்த நொடி என்ன கேட்கும் என்பது பிள்ளைக்குத் தெரியும். வேட்டோ சொல்லாமல் வருவது. நமக்கு ஒரு கணம் திடுக்கிட்டு மறந்துபோகும் ஓசை, சில குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் நோகும் வேதனையாகிறது. சிலருக்கு ஓசையன்றி, மின்னி மின்னி எரியும் விளக்கோ, கூட்டத்தின் நெரிசலோ, கற்பூரப் புகையின் மணமோ அவ்வாறு இருக்கும். ஆட்டிசம் என்னும் நிலை உள்ள குழந்தைகளிடம் இது மிகுதி; அந்நிலை இல்லாத சிலரிடமும் உண்டு. இதற்கு மாறாக, ஓசையையும் ஒளியையும் தேடி ஓடும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கான்னர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விரிவாக எழுதியபோதே, உரத்த ஓசைகளுக்கு அக்குழந்தைகள் நடுங்குவதைக் குறிப்பிட்டிருந்தார். ஆயினும் அதன் பின் நெடுங்காலம் படித்த மருத்துவர்களே, தாயின் அன்புக் குறைவால் வருவது இது என்று கூறிவந்தார்கள். தானே அத்தகைய ஒரு பிள்ளைக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியல் அறிஞர் 1964இல் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். இன்று எந்த மருத்துவ நூலும் தாயைக் குறை கூறுவதில்லை. நம் ஊர்த் திண்ணைகளில் மட்டும் அப்பழி இன்னும் நீங்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவற்றுள் ஆட்டிசமும் ஒன்று. பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களைப் போலவே கலந்துகொள்ளும் உரிமையை அச்சட்டம் அளிக்கிறது. சக்கர நாற்காலியில் வருவோருக்கு வேண்டியது என்னவென்று நமக்கு இப்போது புரிகிறது. சென்னை மெரினாவில் 2022இல் அவர்களுக்கென மணல் மீது மரப்பாதை அமைத்தார்கள்; நம் ஊராட்சி அலுவலகங்களிலும் சாய்தளம் கட்டுகிறோம். ஓசை பொறாத பிள்ளையின் கால்கள் நன்றாக இருக்கின்றன. ஆகவே அவனுக்கும் ஒரு சாய்தளம் வேண்டும் என்பது நம் கண்ணுக்குப் படுவதில்லை.

அந்தச் சாய்தளத்துக்குச் செங்கல் வேண்டியதில்லை. நேரமும் இடமும் முன்னறிவிப்பும் இருந்தால் போதும். நம் மாவட்டத்துத் திருவக்கரையைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் அங்குத் திறந்த வெளியில் கிடக்கின்றன. இரைச்சல் இல்லாத அவ்விடம் இத்தகைய குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் வழியெல்லாம் நிரம்பியிருக்கும். அன்று வேண்டாம், வேறொரு நாள் காலையில் வாருங்கள் என்று பெற்றோருக்கு ஒருவர் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ராஜகிரி மலை ஏற முடியாத பிள்ளையும் அடிவாரத்திலுள்ள கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்து மகிழலாம். எங்கே குரங்குகள் மிகுதி, எங்கே நிழலில் உட்காரலாம் என்று படம் போட்டு ஒரு பலகை வைத்தால், வருவதற்கு முன்பே பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லி வைக்கலாம்.

மேல்மலையனூர் அமாவாசை, மயிலம் பங்குனி உத்திரம் போன்ற பெருவிழாக்கள் நம் கைக்கு அடங்கியவை அல்ல. நம் சொந்த ஊர்த் திருவிழாவோ நம் கையில் இருக்கிறது.

மேளத்தை நிறுத்தச் சொல்கிறார்களோ என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இல்லை. பறையும் நாயனமும் வாசிப்போர் பிழைப்பில் கைவைக்க நாம் வரவில்லை. மேளமில்லாத தேரை நாமும் விரும்போம். ஆனால் கொல்லுக்குடிப்பட்டி மக்களை எண்ணிப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்து அவ்வூரார், வேட்டங்குடிக் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. நமக்கு அண்மையில், மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலில், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தடை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஆண்டு முழுவதும் காப்பதில் ஒரு மணி நேரத்தை நாம் நம் பிள்ளைகளுக்குத் தரலாகாதா?

தேரன்று காலை, கூட்டம் சேருமுன் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியும் வேட்டும் இன்றி இருக்கட்டும். அவ்வேளையில் அக்குழந்தைகள் தேரைத் தொட்டுப் பார்க்கலாம், வடம் பிடிக்கலாம். ராட்டினக்காரர் பாட்டுப் போடாமல் சுற்றட்டும். மாலை வியாபாரத்தில் அவருக்குக் குறைவு வராது. வேட்டுப் போடுமுன் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் தாய் காதுமூடி மாட்டிவிடுவாள். ஒலிபெருக்கிக் குழாய்களை வீடுகளின் பக்கம் திருப்பிக் கட்டக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவற்றை ஒலிக்கவிடலாகாது என 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுவதை நினைவில் வைக்க வேண்டும். ஆண்டில் சில விழா நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். ஜெனரேட்டரைக் கூட்டத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஓர் அமைதி அறை. பள்ளிக்கூடமோ அங்கன்வாடியோ நூலகமோ, சற்றுத் தள்ளியுள்ள ஒரு கட்டடத்தை அன்று திறந்து வையுங்கள். பாய், குடிநீர், மின்விசிறி போதும். கண்ணைக் குத்தும் விளக்கு வேண்டாம். சாவி யாரிடம் என்பதை அறிவிப்புப் பலகையில் பெயருடன் எழுதுங்கள். சாவிக்காரர் தேர் பார்க்கப் போய்விட்டால் அறை இருந்தும் பயனில்லை.

இவற்றை எங்கள் யோசனையாக மட்டும் கொள்ளாதீர்கள். உங்கள் ஊரில் அத்தகைய பிள்ளை உள்ள வீட்டுக்குச் சென்று, என்ன செய்தால் தேருக்கு வருவீர்கள் என்று தாயிடம் கேளுங்கள். ஓசையே தொல்லையில்லை, நெரிசல்தான் என்று அவள் சொல்லலாம். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டமன்றம் 2025இல் வழி செய்திருக்கிறது. அவ்வாறு வரும் உறுப்பினரைக் கலந்துகொள்ளுங்கள். மாசி, பங்குனியில் திருவிழா வைக்கும் ஊர்கள் ஜனவரி 26 கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாக வைக்கலாம். அமைதி வேளை எது, அறை எது, சாவி யாரிடம் என்னும் மூன்றும் அத்தீர்மானத்தில் இருக்கட்டும்.