முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது?

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கு உடற்குறைச் சோதனை செய்ய ஒப்பந்த மருத்துவர்களை அமர்த்துவது வரமா, சுமையா என்பது தலைப்பு. சுமையே என்று வாதாட வந்திருக்கும் இந்த அணி முழங்காலிலிருந்து தொடங்குகிறது.

மடங்கும் கோணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒருவரின் முழங்கால் 60 டிகிரியோடு நின்றுவிட்டால் மாத இழப்பீட்டை முடிவுசெய்யும் அரசின் அட்டவணை அந்தக் குறைக்குத் தரும் மதிப்பு பூஜ்யம். 45 டிகிரி என்றால் 10 சதவீதம். 30 டிகிரி என்றால் 20. மருத்துவர் கோணமானியை வைத்து அளந்தாரா, கண்மதிப்பில் எழுதினாரா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் மாத வருமானம் மாறும். மனநோயில் இடைவெளி இன்னும் பெரிது. 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி, குடும்பப் பொறுப்பு இல்லாத ஒருவருக்கு 50 சதவீதம் என்றால் மாதம் சுமார் 1,075 டாலர்; 70 சதவீதம் என்றால் சுமார் 1,716 டாலர். இரண்டில் எது என்பதற்குப் பெரும்பாலும் ஆதாரமாக இருப்பது ஒரே ஒரு சந்திப்பில் நிரப்பப்படும் படிவம்தான்.

அந்தப் படிவத்தை நிரப்புவது யார்? 1996-ல் நாடாளுமன்றம் படைவீரர் நலத்துறையின் 10 வட்டார அலுவலகங்களில் சோதனை முயற்சியாகத்தான் தனியாரை அனுமதித்தது. இன்று ஏறத்தாழ 90 சதவீதச் சோதனைகள் ஒப்பந்த நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. லைடோஸ் குழுமத்தின் க்யூடிசி, ஆப்டம், லாயல் சோர்ஸ், வெட்டரன்ஸ் எவால்யுவேஷன் சர்வீசஸ் ஆகியவை அந்த நிறுவனங்கள். கடைசி நிறுவனத்தை 2021-ல் மாக்சிமஸ் 140 கோடி டாலருக்கு வாங்கியது. இவ்வளவு விலைபோகும் தொழிலாக இது வளர்ந்திருக்கிறது.

எதிரணி நண்பர்கள் தேக்கத்தைச் சொன்னார்கள். உண்மை, மறுக்க முடியாது. 2013 மார்ச்சில் 125 நாளைத் தாண்டிக் காத்துக்கிடந்த விண்ணப்பங்கள் 6 லட்சத்துக்கும் மேல். 2022 ஆகஸ்டில் பாக்ட் சட்டம் வந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அது கதவைத் திறந்ததும் விண்ணப்பங்கள் மீண்டும் குவிந்தன. மொன்டானாவின் மூலையில் இருக்கும் ஒருவர் அரசு மருத்துவமனைக்குப் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. வேகம் வேண்டும். ஆனால் வேகமாக வந்து சேர்ந்த அறிக்கை தப்பாக இருந்தால்? அவர் மேல்முறையீடு செய்து மறுபடி வரிசையில் நிற்பார். முதல் வரிசையில் மிச்சமான மாதங்களை இரண்டாவது வரிசை தின்றுவிடும்.

தப்பாக இருக்கிறதா என்பதற்கு அரசின் சொந்தத் தணிக்கையே சாட்சி. பிழையற்ற அறிக்கைகள் 92 சதவீதம் இருக்க வேண்டும் என்பது துறை வகுத்த இலக்கு. 2017-ன் முதல் பாதியில் பெரும்பாலான ஒப்பந்ததாரர்கள் அதற்கு வெகு கீழே இருந்தார்கள் என்று அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2018-ல் எழுதியது. 2022 ஜூனில் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மறுபடி பார்த்தபோதும் ஒப்பந்ததாரர்கள் அந்த இலக்கைத் தொடர்ந்து எட்டவில்லை. 2017 நிதியாண்டு முதல் அதுவரை இந்தச் சோதனைகளுக்குச் செலவான தொகை ஏறத்தாழ 680 கோடி டாலர். இதைவிட மனதை அறுக்கும் செய்தி ஒன்று அதே அறிக்கையில் உண்டு. கண்டுபிடித்த பிழைகள் திருத்தப்படுவதை உறுதிசெய்ய அப்போது முறையான ஏற்பாடு இருக்கவில்லை. விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்கும் வட்டார அலுவலகங்களுக்கு அந்தப் பிழைகள் தெரிவிக்கப்படவும் இல்லை. பிழை என்று தெரிந்த காகிதத்தின் மேலேயே ஒருவரின் வாழ்வு தீர்மானிக்கப்படலாம் என்று பொருள்.

ஏன் இப்படி நடக்கிறது? நெல் அளப்பவருக்கு எத்தனை மரக்கால் அளந்தார் என்பதற்கே கூலி என்றால், மரக்கால் நிறைந்ததா என்று அவர் குனிந்து பார்ப்பாரா? ஒப்பந்த நிறுவனத்தின் வருவாய் முடித்த சோதனைகளின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது. சட்டமோ பொறுமையைக் கேட்கிறது. படைவீரர் வழக்குகளுக்கென்றே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-லேயே சொன்னது: கோணத்தை மட்டும் அளந்தால் போதாது, வலி முற்றும் நாட்களில் அந்த மூட்டு எவ்வளவு இயங்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017-ல் இன்னும் தெளிவாக்கியது. வலி முற்றிய நேரத்தில் நேரில் பார்க்கவில்லை, அதனால் சொல்ல முடியாது என்று மருத்துவர் கைவிரிக்கக் கூடாது; எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அப்போது படியேற முடிகிறதா என்று சோதனைக்கு வந்தவரிடமே கேட்டு மதிப்பிட வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு நேரம் வேண்டும். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்ட கதையை ஒருவர் வெட்கத்தை விட்டுச் சொல்ல, எதிரே கேட்கிற காது வேண்டும். அடுத்த ஆள் வாசலில் காத்திருக்கும் அறையில் அது எப்படிக் கிடைக்கும்?

வாசல் என்றதும் இன்னொன்று. 2024 மே மாதம் அதே ஆய்வாளர் அலுவலகம் ஒப்பந்தச் சோதனை நிலையங்களின் கட்டடங்களைப் பற்றி அறிக்கை தந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஏற்ற வசதி பல இடங்களில் குறைவு என்றது. உடற்குறையைச் சோதிக்கும் இடத்தின் நிலை இது.

மினியாபொலிஸ் அரசு மருத்துவமனையை மறந்துவிட்டீர்களா என்று எதிரணி கேட்கும். கேட்க வேண்டும். மூளைக்காயத்துக்கான முதல் சோதனையை நான்கு வகைச் சிறப்பு மருத்துவர்களில் ஒருவர்தான் செய்ய வேண்டும் என்ற விதி அந்த அரசு மருத்துவமனையிலேயே மீறப்பட்டது. நாடு முழுவதும் தேடியபோது 24,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதே குறை நடந்திருந்தது. அரசு மருத்துவரும் தவறுவார் என்பதை இந்த அணி மறைக்கவில்லை. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2016 ஜூனில் துறை அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதி மறுசோதனைக்கு அழைத்தது. தவறு தன் சொந்தக் கூரையின் கீழ் நடந்ததால் பொறுப்பைத் தள்ளிவிட அதற்கு வேறு வீடு இருக்கவில்லை.

காது கேட்கும் திறனை உரிமம் பெற்ற செவித்திறன் வல்லுநர் குறித்த முறைப்படி அளப்பதானால், அதை ஒப்பந்ததாரர் செய்யட்டும். இந்த அணிக்கு மறுப்பில்லை. மூளைக்காயம், போர் தந்த மன அதிர்ச்சி, படைக்குள் நேர்ந்த பாலியல் வன்முறையின் பாதிப்பு, வளைகுடாப் போருக்குப் பின் வந்த பெயர் வைக்க முடியாத நோய்கள் ஆகியவற்றை அன்றாடம் இவர்களையே பார்க்கும் துறையின் சொந்த மருத்துவர்களிடம் திருப்ப வேண்டும், அதற்கு ஆள் எடுக்க வேண்டும். பிழை கண்ட அறிக்கை திருத்தப்படும் வரை அதன் மேல் முடிவெடுக்கக் கூடாது. ஏற்கெனவே அப்படி முடிவெடுக்கப்பட்டவர்களுக்கு, 2016-ல் போனது போன்ற கடிதம் ஒன்று போக வேண்டும், மறுசோதனைக்கு வருகிறீர்களா என்று கேட்டு.