பிள்ளையை இயற்கை முகாமுக்கு அனுப்பும் முன் ஒரு டூல்பாக்ஸ் டாக்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற, குடியிருக்கிற அம்மா அப்பாக்களுக்கான பேச்சு இது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அலைபேசியில் படிக்கிறீங்களா, ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நின்று படிக்கிறீங்களா, எப்படியானாலும் ஒரு பத்து நிமிஷம் கொடுங்க.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டாச்சு. வீட்டில் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் ஏ ஷிஃப்ட், ஒருவர் பி ஷிஃப்ட். பிள்ளை என்ன செய்யும்? வெளியே பூட்டு, உள்ளே செல்போன். இல்லையென்றால் பாட்டி ஊருக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதுதான் காலையில் போய் மதியமோ சாயங்காலமோ வீட்டுக்குத் திரும்பிவிடும் இயற்கை முகாம். பறவை பார்ப்பது, மரம் தெரிந்துகொள்வது, மண்ணில் கை வைப்பது என்று அங்கே நாள் போய்விடும். ராத்தங்கல் கிடையாது.

நமக்குப் பக்கத்திலேயே இருப்பது வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர்தான். 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் சின்னதாகத் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறி, 1985-இல் வண்டலூருக்கு வந்தது. இப்போது பரப்பளவு 602 ஹெக்டேர். கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு முகாம் நடத்துவது பூங்காவின் வழக்கம். தேதி, வயது வரம்பு, கட்டணம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் பழைய அறிவிப்பை நம்பாமல் பூங்காவின் இணையதளத்திலேயே பாருங்க. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம்.

தனியார் அமைப்புகள் நடத்தும் முகாம்களும் உண்டு. ஏதாவது ஒரு முகாம் மே மாதத்தில் "வேடந்தாங்கலில் பறவைக் கூட்டம் காட்டுகிறோம்" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்க. அங்கே பறவைகள் திரளும் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஏரி வற்றியபின் கூட்டிப் போனால் பிள்ளைக்கு வெயில்தான் மிச்சம்.

சரி, இடம் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுப்புவதற்கு முன் வீட்டில் என்ன தயார் செய்வது? இதில் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் நீங்கள் செய்கிற வேலைதான். லைனில் இறங்குவதற்கு முன்னால் சூப்பர்வைசர் ஐந்து நிமிஷம் நிறுத்திவைத்துப் பேசுவாரே, டூல்பாக்ஸ் டாக், அதை வீட்டில் பிள்ளையோடு நடத்துங்க. சேஃப்டி ஷூ இல்லாமல் உங்களை உள்ளே விடுவார்களா? மாட்டார்கள். அதே கண்டிப்பு பிள்ளையின் காலுக்கும் வேண்டும். நம்ம ஏரிக்கரை முழுக்க சீமைக்கருவேலம். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். பழைய பள்ளி ஷூ போதும், புதிதாக வாங்க வேண்டாம். புது ஷூ முதல் நாளே குதிகாலைக் கடித்துவிடும், அப்புறம் ரெண்டாம் நாள் "நான் போகலை"ன்னு அழுகைதான். கால் மறைக்கும் பருத்தி பேன்ட், வெளிர் நிறச் சட்டை, தொப்பி. தடுப்பூசி அட்டையையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. ஊசி விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுவார்கள்.

வெயில் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்தது. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் ஆரம்பித்து மே 28 வாக்கில் முடியும். இரண்டு மாதம் ஃபேனுக்கு அடியில் இருந்த பிள்ளையைத் திடீரென்று வெயிலில் நடக்கவிட்டால் உடம்பு தாங்காது. முகாமுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாயங்காலம் அரை மணி நேரம் கூட்டிக்கொண்டு நடங்க. உடம்பு வெயிலுக்குப் பழக சில நாட்கள் ஆகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை முதல் நாளே ஃபர்னஸ் பக்கம் முழு நேரமும் நிறுத்துவோமா?

தண்ணீர் பாட்டில் கொடுத்தால் மட்டும் போதாது. விளையாட்டு மும்முரத்தில் தாகமே தெரியாது. "மணி அடிக்கும்போதெல்லாம் நாலு வாய்" என்று ஒரு கணக்கு சொல்லிக்கொடுங்க. இன்னொன்று இருக்கிறது, பெரியவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்: வெளியிடத்துக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் நிறைய, குறிப்பாகப் பெண் பிள்ளைகள். கழிப்பறை எங்கே இருக்கிறது, யாருடன் போவது என்று முகாம்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டு மகளிடம் சொல்லிவிடுங்க. மாதவிடாய் வரும் வயது என்றால் பையில் நாப்கினும் மாற்று உடையும் இருக்கட்டும். அப்பாவும் இதை எடுத்துவைக்கலாம், தப்பில்லை.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே நிழலுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கூட இருக்கும் பிள்ளை சம்பந்தமில்லாமல் உளறினாலோ மயங்கினாலோ ஓடிப்போய்ப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். பெரியவர் செய்ய வேண்டியது, நிழலில் படுக்கவைத்து உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழைப்பது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. எலுமிச்சை சாதமோ புளி சாதமோ கட்டிக்கொடுங்க. தேங்காய்ச் சட்னி வெயிலில் ஊசிப்போகும். மோர், வெள்ளரிக்காய் நல்லது. எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போடுங்க. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே மாநிலத்தில் தடை. குரங்கு பார்க்கும் இடத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது, பிஸ்கட்டை நீட்டவே கூடாது.

செடிகளில் ஒன்றே ஒன்று: எருக்கம் மொட்டை நசுக்கி "டப்" என்று சத்தம் வரவைப்பது நம்ம ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டு. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். கை கழுவாமல் கண்ணைத் தேய்க்காதே என்று இப்போதே சொல்லிவையுங்க.

அடுத்தது பாம்பு. பயமுறுத்தி அனுப்பாதீங்க. பயந்த பிள்ளை ஓடும், ஓடினால் எங்கே மிதிக்கும் என்று தெரியாது. பார்த்த இடத்தில் நில், மெதுவாகப் பின்னால் நகர், பெரியவரிடம் சொல். புதருக்குள் கை விடாதே, கல்லைப் புரட்டாதே. அவ்வளவுதான். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அந்த மருந்துக்கான விஷத்தின் பெரும்பகுதி எங்கிருந்து போகிறது தெரியுமா? நம்ம செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருந்துதான். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்க. "பாம்பைக் கண்டால் அடி" என்று காலங்காலமாகக் கேட்ட காதுக்கு இது நல்ல மருந்து.

இப்போது, இந்தப் பேச்சையே எதற்காக எழுத உட்கார்ந்தேனோ, அந்த விஷயம். தண்ணீர்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிகள் நிறைந்த சீமை. முகாமில் ஒரு நாளாவது ஏதாவதொரு ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவார்கள். ஆசிரியர் இருப்பார், பிள்ளைகளை எண்ணி அழைத்துப் போவார், எண்ணி அழைத்து வருவார். அங்கே எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை அதற்கு அடுத்த வாரம். முகாம் முடிந்துவிட்டது. பிள்ளைக்கு ஏரி பிடித்துப்போய்விட்டது. மீன்கொத்தி எங்கே உட்காரும் என்று அதற்குத் தெரியும், அதைக் காட்ட ரெண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகும். நீங்கள் ஷிஃப்டில் இருப்பீர்கள்.

கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும். பார்த்தால் முழங்கால் தண்ணீர்தான் தெரியும். ஆனால் மண் எடுத்த பள்ளம் உள்ளே இருக்கும். நாலடி தள்ளிக் கால் வைத்தால் ரெண்டு ஆள் ஆழம். கல்குவாரிக் குட்டை இன்னும் மோசம், கரை செங்குத்தாக இறங்கும், பிடித்து ஏறப் பிடிமானமே கிடையாது. மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரை 2017 வறட்சியில் சென்னையின் குடிநீருக்கே எடுத்தார்கள். அவ்வளவு தண்ணீர் நிற்கிற பள்ளம் எவ்வளவு ஆழமாக இருக்கும், யோசித்துப் பாருங்க.

அதனால் முகாமுக்கு முன்பே ஒரு ஒப்பந்தம் போடுங்க. பெரியவர் இல்லாமல் ஏரி, குளம், குவாரி எங்கேயும் போவதில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் வார விடுமுறையில் ஒரு காலைப்பொழுது நீங்களே கூட்டிப் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் பிள்ளைகளிடம் செல்லாது. அப்படிப் போகும்போது உங்கள் போனில் மெர்லின் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொண்டால், பறவையைப் படம் பிடித்துப் பெயர் கண்டுபிடிக்கலாம். அந்த நேரத்தில் போன் பிள்ளை கையில் இருந்தால்கூட நல்லதுதான்.

இன்னும் ரெண்டு உண்மை. மூழ்குகிறவர் சினிமாவில் வருகிற மாதிரி கத்த மாட்டார், சத்தமில்லாமல் போய்விடுவார். காப்பாற்றக் குதிக்கும் நண்பனும் சேர்ந்தே போகிறான். "குதிக்காதே, கயிறோ துப்பட்டாவோ காலி கேனோ தூக்கிப் போடு, கத்தி ஆளைக் கூப்பிடு" என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிக்கொடுக்கலாம். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாத வேலை. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். 108-இல் பேசுகிறவர் போனிலேயே சொல்வதைக் கேட்டுச் செய்யுங்க.

கம்பெனியில் நியர் மிஸ் என்று எழுதிப் போடுவீர்கள் இல்லையா? அடிபடவில்லை, ஆனால் பட்டிருக்கும். அதைச் சொன்னவரைத் திட்டக் கூடாது என்பது நல்ல தொழிற்சாலையின் விதி. திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள், அதற்கடுத்த முறை விபத்தே நடக்கும். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, இன்னைக்கு கால் வழுக்கிடுச்சு" என்று சொன்னால், "உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" என்று ஆரம்பிக்காதீங்க. எங்கே, எப்படி, அப்புறம் என்ன பண்ணினே என்று கேளுங்க. யாராவது தொட்டது பிடிக்கவில்லை, தனியாகக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல வேண்டிய நாளிலும் அந்தப் பிள்ளை வாய் திறக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் 1098 சிறார் உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

முகாம் நடத்துபவர்களிடம் கேள்வி கேட்கக் கூச்சம் வேண்டாம். எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், முதலுதவி தெரிந்தவர் யார், பக்கத்து மருத்துவமனை எது, மதியம் 12 முதல் 3 வரை பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பார்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த முகாம் வேண்டாம். பிள்ளையின் படத்தைப் பேரோடு சமூக ஊடகத்தில் போடலாமா என்று அவர்களும் உங்களைக் கேட்க வேண்டும்.

ஷிஃப்ட் மாறும் வாரத்தில்தான் குழப்பம் வரும். காலையில் யார் விடுவது, மதியம் யார் எடுப்பது என்று ஏழு நாளுக்கும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்க. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் தூங்காமல் டூவீலரில் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம். வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். வண்டலூருக்குப் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இருக்கிறது, பஸ்ஸே போதும்.

பக்கத்து லைன் வீட்டில் ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருந்தால் அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்க. முகாமுக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு "பாம்பு", "ஆழம்", "நில்லு", "தண்ணி வேணும்" என்ற நாலு சொல்லை உங்கள் பிள்ளையே சொல்லிக்கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன அட்டை. பிள்ளையின் பேர், ரத்த வகை, ஒவ்வாமை இருந்தால் அது, தொடர்ந்து சாப்பிடும் மருந்து, ரெண்டு போன் நம்பர். தொழிற்சாலைக்குள் உங்கள் போன் லாக்கரில் இருக்கும் என்றால் ரெண்டாவது நம்பர் நிச்சயம் வெளியில் இருப்பவருடையதாக இருக்கட்டும். பாலிதீன் உறையில் வேண்டாம், அட்டைமேல் செல்லோ டேப் ஒட்டினால் போதும், நனையாது. பையில் போடாமல் சட்டைப் பாக்கெட்டில் வையுங்க, ஏனென்றால் பையைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் விளையாடப் போவார்கள்.