ஆழ்கடற் பொறி சொற்கேளாதபோது



ஏவூர்திகளுக்குப் பெயர்பெற்ற நகரம் திருவனந்தபுரம். அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ஆழ்கடலில் மூவர் இறங்கவிருக்கும் ‘மத்ஸ்யா 6000’ கலத்திற்கு 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டேனியக் கோளத்தை உருவாக்கும் பணியையும் ஏற்றது. மனிதருக்கு முன்னர் ஆளில்லாப் பொறிகள் இறங்கின. சென்னைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘ரோசப் 6000’, 2010ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்தை எட்டியது.

இத்தகைய பொறியைக் கப்பலோடு பிணைப்பது ஒரு வடமே. மின்சாரமும் கட்டளையும் அதன் வழியே இறங்குகின்றன. படமும் செய்தியும் மேலேறுகின்றன. கீழே பொறி சொற்கேளாவிடில் மேலே இருப்பவர் என் செய்வது?

கணிப்பொறியை முதலில் ஐயுறுதல் முறையன்று. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லவேண்டும். பொறி ஒரு பக்கமே திரும்பினால், வடம் சிக்கியதா, நீரோட்டம் இழுக்கின்றதா என நோக்குக. பின்னர் உந்துவிசிறிகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க, வலைநூல் சுற்றியிருக்கலாம். மின்கசிவு காணப்படின், இணைப்பினுள் உப்புநீர் புகுந்ததோ என ஆராய்க. கையால் ஓட்டும்போது நேரே சென்று, தானே திசைகாக்கும்போது மட்டும் தள்ளாடினால், திசையுணரும் கருவியிலோ தானியங்குக் கட்டுப்பாட்டிலோ குறையைத் தேடுக. ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்து, அதனைக் குறித்து வைத்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், நோயைத் தீர்த்த மருந்து எதுவென்று விளங்காது.

திருவனந்தபுரம் இதனைப் பட்டறிந்த ஊர். அங்கு உருப்பெற்ற எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்து, இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடிழந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் இராமேசுவரத்து அப்துல் கலாம். கட்டுப்பாட்டு அமைப்பின் வால்வு ஒன்று பழுதுற்று, நைட்ரிக் அமிலம் கசிந்தமையே காரணமென ஆய்வில் தெரிந்தது. குறை களைந்தபின், 1980 ஜூலை 18ஆம் நாள் அவ்வகை ஏவூர்தியே ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

மும்பையிலும் ஜாம்ஷெட்பூரிலும் பொறிகளோடு பழகும் தமிழன்பர்கள் ஒன்றை அறிவர்: காரணம் தெரியாமல் தானே மறைந்த குறை, தீர்ந்த குறையன்று. ஆளில்லாப் பொறி மூழ்கினால் இழப்பது பொருள். மத்ஸ்யாவினுள் இருப்பவை மூன்று உயிர்கள். ஆதலால் காரணத்தைக் கப்பல் தளத்திலேயே கண்டு, அதன் பின்னரே கலத்தைக் கடலில் இறக்குதல் வேண்டும்.