முதுமையில் இதயமும் அன்றாட அலுவல்களும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், வைத்தியத்துறையில் பணிபுரியும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



முன்வரிசையில் எங்கள் ரீச்சர்மார் இருக்க, நாங்கள் மேடையில் நின்று பாடம் சொல்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று பேசப்போகும் விடயம் அவர்களைப் பற்றியது. எங்கள் தாய்மாரைப் பற்றியது. இன்னும் சில வருடங்களில் எங்களைப் பற்றியதும்தான்.

இதய நோய் என்றதும் ஒருவர் நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுவதுதான் எல்லோருக்கும் நினைவில் வரும். அப்படியும் நடக்கிறது. ஆனால் வயதுபோன பெண்களிடம் நாங்கள் அடிக்கடி காண்பது வேறு. அவர்கள் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன, வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை.

முதலில் முற்றம் கூட்டுவது நின்றுவிடும். பிறகு தேங்காய் திருவுவது மருமகளின் வேலையாகிவிடும். கோயிலில் வெளிவீதி சுற்றிக் கும்பிட்டவர் உள்வீதியோடு நிற்பார். அடுத்த திருவிழாவுக்கு வாசலில் ஒரு கதிரையில் இருப்பார். அதற்கடுத்த வருடம் தொலைக்காட்சியில் தேர் பார்ப்பார். இப்படி இருக்கும் ஓர் அம்மாவிடம் வைத்தியர், "நடக்கேக்க இளைக்குதோ?" என்று கேட்டால், "இல்லை" என்றுதான் பதில் வரும். அது பொய் அல்ல. இளைப்பு வரக்கூடிய வேலை எதையும்தான் அவர் இப்போது செய்வதில்லையே!

இதில் எங்கள் குடும்பங்களின் அன்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. "நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்று வேலையை வாங்கிவிடுகிறோம். "வயது போனால் அப்பிடித்தான்" என்று எங்களுக்கு நாங்களே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். வயது மெல்ல மெல்லத்தான் உடம்பைத் தளர்த்தும். ஐந்தாறு மாதங்களுக்குள் ஒருவர் மூன்று வேலைகளைக் கைவிட்டிருந்தால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். காரணம் இதயமாக இருக்கலாம். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, முழங்கால் தேய்மானம், மனச்சோர்வு ஆகியவையும் காரணமாகலாம். எதுவாயினும் கண்டுபிடித்தால் பார்க்கக்கூடியவைதான்.

அன்றாட வேலையைக் கொண்டு இதயத்தை அளப்பது புதிய யோசனை அல்ல. இதய நோயின் தீவிரத்தை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் முறையை நியூயோர்க் இதயச் சங்கம் 1928இல் வகுத்தது. திருத்தங்களுடன் இன்றும் உலகெங்கும் அதைத்தான் பாவிக்கிறோம். வழமையான வேலையில் ஒரு தொல்லையும் இல்லை என்றால் முதலாம் வகுப்பு. வழமையான வேலையில் களைப்போ இளைப்போ வந்தால் இரண்டாம் வகுப்பு. அதைவிடக் குறைந்த வேலையிலேயே வந்தால் மூன்று. சும்மா இருக்கும்போதே வந்தால் நான்கு. இந்த வகுப்பேற்றம் மட்டும் ஒருவருக்கும் வேண்டாம்.

பிற்பாடு, 1963இல், அமெரிக்க வைத்தியர் சிட்னி காற்ஸும் அவரது குழுவினரும் முதியவர்களின் ஆறு அடிப்படைச் செயல்களைப் பட்டியலிட்டார்கள்: குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போய்வருதல், படுக்கையிலிருந்து எழுந்து மாறுதல், மலசலத்தை அடக்கும் கட்டுப்பாடு, உண்ணுதல். லோட்டன், புறோடி என்ற இருவர் 1969இல் இன்னொரு பட்டியல் தந்தார்கள். தொலைபேசியில் பேசுதல், கடைக்குப் போதல், சமைத்தல், வீட்டைப் பராமரித்தல், உடுப்புத் தோய்த்தல், பயணம் செய்தல், மருந்தைச் சரியாக எடுத்தல், காசுக்கணக்குப் பார்த்தல் என்று அதில் எட்டு. இதில் ஒரு வேடிக்கை. அக்காலத்தில் பெண்களுக்கு எட்டுக்கும் புள்ளி பார்த்தார்கள். ஆண்களுக்குச் சமையல், வீட்டுவேலை, உடுப்புத் தோய்த்தல் மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்குத்தான் பார்த்தார்கள். இதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இந்த மலர் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் போகும். அங்கிருந்து வாராவாரம் அம்மாவுக்கு அழைப்பு எடுக்கும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறோம். "சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டால், "ஓம் பிள்ளை, சுகம்" என்றுதான் அம்மா சொல்வார். தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் கலங்க வைக்க அவருக்கு மனம் வராது. அதற்குப் பதிலாக, "இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினார், யார் சமைத்தது, தலை முழுகினாரா, கடைசியாகக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ எப்போது போனார், இரவு எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கதையோடு கதையாகக் கேளுங்கள். ஒரு தலையணையில் படுத்தவர் இப்போது மூன்று வைக்கிறார் அல்லது சாய்கதிரையில் இருந்தபடி நித்திரை கொள்கிறார் என்றால், நுரையீரலில் நீர் தேங்குகிறதா என்று பார்க்கவேண்டும். மாலையில் கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுக்குவதும், மூன்று நாளுக்குள் 2 கிலோ நிறை கூடுவதும் இதே சந்தேகத்தைத் தரும் அடையாளங்கள். வீட்டில் ஒரு தராசு இருப்பது நல்லது. காலையில் சலம் கழித்தபின், சாப்பிடுமுன் நிறுத்து, கலண்டரில் எழுதிவைத்தால் போதும்.

"நடக்கிறா, ஆனால் தலை முழுகினால் களைச்சுப் போறா" என்று சிலர் சொல்வார்கள். இதில் முரண்பாடு இல்லை. ஒரே அளவு வேலையைக் கால்களால் செய்வதைவிடக் கைகளால் செய்யும்போது நாடித்துடிப்பும் குருதி அமுக்கமும் கூடுதலாக ஏறும். கையைத் தலைக்குமேல் தூக்கிச் செய்தால் இன்னும் சிரமம். வாளியால் அள்ளி முழுகுவது, கொடியில் ஈர உடுப்புப் போடுவது, தலைவாரிக் கொண்டை போடுவது எல்லாம் இதயத்துக்குச் சின்ன வேலைகள் அல்ல. குளிக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும், கொடியை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டுவதும் போதும். பல அம்மாமார் அந்த வேலைகளைத் தாங்களே தொடர்ந்து செய்வார்கள்.

அவசர நிலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நெஞ்சில் இறுக்கம் பெண்களுக்கும் வரும். கூடவே அல்லது அதற்குப் பதிலாக, தாடை நோ, முதுகு நோ, ஓங்காளம், குளிர்வியர்வை, காரணமில்லாத கடும் களைப்பு என்றும் வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவே தெரியாமலும் போகலாம். வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசை தந்திருந்தால் இருந்துகொண்டு வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் அமுக்கம் இறங்கி விழ நேரிடும்.

இனி, நோய் கண்டுபிடித்து, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்தபின் நடப்பதைப் பார்ப்போம். எங்கள் சமூகம் அதிகம் பிழைவிடுவது இங்கேதான் என்பது எமது அபிப்பிராயம். அம்மா கட்டிலில் கிடத்தப்படுகிறார். சாப்பாடு கட்டிலுக்கு வருகிறது. பார்க்க வருபவர்களெல்லாம் "அசையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஒரு காலத்தில் வைத்தியர்களும் இதையே சொன்னார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கவைப்பதே வழக்கம். 1952இல் பொஸ்ரன் நகரில் சாமுவேல் லெவின், பேர்ணாட் லோன் என்ற இரு வைத்தியர்கள், நோயாளர்களை ஆரம்ப நாட்களிலேயே தூக்கிச் சாய்கதிரையில் இருத்திய தமது அனுபவத்தை வெளியிட்டார்கள். படுத்தே கிடப்பதால் கால் நரம்புகளில் இரத்தம் கட்டுவதும், நுரையீரல் கெடுவதும், மனம் சோர்வதும் இதனால் குறையும் என்பது அவர்களது கருத்து. அதன்பின்தான் அந்த நீண்ட படுக்கை படிப்படியாகக் குறைந்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. பத்தே நாள்! மாரடைப்பிலிருந்து தப்பிய அம்மா பிறகு மலசலகூடத்துக்கு எழுந்து போகமுடியாமல் ஆவதற்கு, பலவேளைகளில் இதயத்தைவிட இந்தப் படுக்கையே காரணம்.

ஆகவே எடுத்த வேலைகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எதை, எப்போது என்பதை உங்கள் வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டு முடிவுசெய்யுங்கள். முதலில் கதிரையில் இருந்தபடி மரக்கறி வெட்டுவது, கீரை ஆய்வது. பிறகு விறாந்தையில் நடை. பிறகு படலை வரை. வேலையின்போது ஒரு வசனம் முழுதாகப் பேச முடிந்தால் அளவு சரி. பேச்சு அறுந்தால் அது கூட. சாப்பிட்ட உடனேயும் உச்சி வெயிலிலும் வேண்டாம். எழும்பும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்சம் இருந்து, தலை சுற்றாவிட்டால் நில்லுங்கள். நெஞ்சு நோ வந்தால் நிறுத்துங்கள்.

சலம் போகும் குளிசை பற்றியும் சொல்லவேண்டும். கலியாண வீட்டுக்கோ பஸ் பயணத்துக்கோ போகும் நாளில் பலர் அதை விழுங்குவதில்லை. வெட்கத்தில் வைத்தியருக்கும் சொல்வதில்லை. இன்னும் சிலர் குளிசையை விடாமல் பயணத்தையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. அந்த நாளுக்குக் குளிசையின் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். பலருக்கு மாற்றித் தரலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு துண்டில், கடந்த வருடம் செய்து இந்த வருடம் விட்ட வேலைகளை எழுதிக்கொண்டு போங்கள். ஒரு ஈ.சி.ஜி. படம் சொல்லாததை அந்தத் துண்டு சொல்லிவிடும்.

நேரமாகிவிட்டது, மணி அடிப்பதற்குள் முடிக்காவிட்டால் எங்கள் ரீச்சர்மார் இன்றும் பார்க்கும் அந்தப் பார்வை எங்களுக்குத் தெரியும். மண்டபத்தின் வலப்பக்க வகுப்பறையில் குருதி அமுக்கமும் நிறையும் பார்க்க எங்கள் சகோதரிகள் காத்திருக்கிறார்கள். முழங்கால் இடங்கொடுத்தால், இந்தக் கதிரைகளின் கைபிடியைப் பிடிக்காமல் எழும்பி வாருங்கள். அதையும் எழுதிக்கொள்வோம்.