திறந்த கதவும் செல்லாத பட்டமும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவாகக் கள்ளிக்குப்பத்தில் கூடியிருக்கிறோம். புதிய கற்றல் முறைகளைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றனவா, எதிர்க்கின்றனவா என்பது இன்றைய பொருள். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. எந்த முறையின் வழியாக யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

1857இல் தொடங்கியபோது சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அது, தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்தது. பாடம் கல்லூரிகளில் நடந்தது. கற்கும் இடமும் பட்டம் தரும் இடமும் வேறாக இருந்ததுதான் நம் உயர்கல்வியின் தொடக்கம். அப்போது அது யாருக்கும் தரக்குறைவாகத் தெரியவில்லை.

அண்ணல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்க வேண்டும் என்று அங்கே காலையிலேயே வகுப்புகள் நடந்தன. மாணவரின் பிழைப்புக்கு ஏற்பக் கல்லூரி தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்துவிட்டு வருகிற நம் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்து அஞ்சல் வழிக் கல்வி வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அதைத் தொடங்கின. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. 21 வயது நிரம்பியவர், முன்படிப்பு இல்லாவிட்டாலும், நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைநிலையில் இளங்கலை சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985 விதிகளே அனுமதித்தன. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகமோ 1971 முதல், முன்தகுதி கேட்காமலே மாணவர்களைச் சேர்த்துவந்தது.

பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர்கள் இந்த வழியாகப் பட்டம் வாங்கினார்கள். பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கின, தேர்வு வைத்தன, பட்டமும் கொடுத்தன. 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், இளங்கலை இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று வந்த தமிழக அரசின் 107ஆம் எண் அரசாணை அதோடு நிற்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களுக்கே அரசு வேலையும் பதவி உயர்வும் என்றாகிவிட்டது.

தரம் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அப்படியானால் பாடப் புத்தகத்தைச் சரிசெய்திருக்கலாம், தேர்வைக் கடுமையாக்கியிருக்கலாம், விடுபட்ட பள்ளிப் பாடங்களுக்கு ஓர் இணைப்புப் படிப்பு வைத்திருக்கலாம். பட்டம் கொடுத்த நிறுவனத்துக்கு நட்டமில்லை. வாங்கியவர்தான் சான்றிதழ் சரிபார்ப்பில் தலைகுனிந்து நின்றார்.

2020 மார்ச்சுக்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். வகுப்பறை இல்லாமல் பட்டமா என்று கேட்டவர்கள் சில மாதங்களில் செல்பேசியில் பாடம் நடத்தினார்கள், வீட்டிலிருந்தே தேர்வு எழுதச் சொன்னார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசே கொடுத்தது. சென்னை ஐஐடி 2020இல் இணையவழியில் தரவு அறிவியல் படிப்பைத் தொடங்கியது. ஜேஇஇ தேவையில்லை, தகுதித் தேர்வு போதும். ஸ்வயம் தளத்தில் 40 விழுக்காடு வரை படிக்கலாம் என்று 2021இல் மானியக் குழு விதி செய்தது. இவை நல்லவை, நம் பிள்ளைகளும் பயன்படுத்த வேண்டும். ஆனால் இவை எல்லாம் பிளஸ் டூவைத் தாண்டியவர்களுக்கானவை. தங்களுக்கு அவசியம் வந்தபோது இத்தனை வேகமாக மாற முடிந்தவர்களால், சேரியில் படிப்பு நின்றுபோன ஒருவருக்காக ஏன் மாற முடியவில்லை?

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். 21 வயதானவர்களுக்கு நுழைவுத் தேர்வும் இணைப்புப் படிப்பும் சேர்ந்த ஒரு வழி வேண்டும். அதில் வரும் பட்டம் அரசு வேலைக்குச் செல்ல வேண்டும். 107ஆம் அரசாணையால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தீர்வு வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற தொழிற்பகுதிகளில் ஷிப்டு நேரத்துக்கு ஏற்ற அரசுக் கற்றல் மையங்கள் வேண்டும்.

அதுவரை, இங்கே வந்திருக்கும் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் தொலைநிலையில் சேரப் போகிறவர் யார் என்று விசாரியுங்கள். பள்ளிப் படிப்பு முடியாதவராக இருந்தால், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பையும் மேல்நிலையையும் முதலில் எழுத உதவுங்கள். அரசாணை மாறும்வரை ஒருவருடைய பணமும் மூன்று வருடமும் வீணாகக் கூடாது.

கற்பி, ஒன்றுசேர், போராடு. ஜெய்பீம்.