கண்ணாடிக்கடை மேசையில் எங்கள் தமிழ்
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூறு வயது காணும் எங்கள் கல்லூரித் தாயின் பிள்ளைகளில் வைத்தியர்களும் ஆசிரியைகளும் கணக்காளர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் கண்ணாடிக்கடை வரவேற்பு மேசையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களும் இருக்கிறோம். பெரிய நிறுவனங்களின் கிளைகள் அல்ல, ஒரு குடும்பம் நடத்துகின்ற சிறு கடைகள்தான் எங்களுடையவை. அங்கே நாங்கள் கற்றதில் காரைநகருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

கண்ணைச் சோதிப்பது எங்கள் வேலை அல்ல. அதற்குப் படித்த கண் பரிசோதகர் உள்ளே இருக்கிறார். ரெலிபோன் எடுப்பது, நேரம் ஒதுக்குவது, படிவம் நிரப்புவது, வந்த கண்ணாடியை உரியவரிடம் சேர்ப்பது இவைதான் எங்கள் பொறுப்பு. ஆனால் வருபவர் தன் குறையை முதலில் சொல்வது எங்களிடம்தான். அதைச் சரியாகக் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் அம்மாமார் கண்ணைப் பற்றிப் பேசும் தமிழ் தனி. நாற்பது வயதின் பின் ஊசியில் நூல் கோக்க முடியாமற் போனால் ‘வெள்ளெழுத்து’ என்பார்கள். கருவிழியில் வெண்மை தெரிந்தால் ‘பூ விழுந்திட்டுது’ என்பார்கள். அது கண்புரையாகவும் இருக்கலாம், பழைய காயத்தின் தழும்பாகவும் இருக்கலாம். இந்தச் சொற்களைக் கேட்டு, பரிசோதகருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வது எங்களால் இயலும்.

சில கேள்விகளை மாற்றிக் கேட்கவும் பழகியிருக்கிறோம். ‘உங்களுக்கு நீரிழிவு இருக்கிறதா?’ என்றால் ‘இல்லைப் பிள்ளை’ என்று பதில் வரும். ‘சீனிக்குக் குளிசை போடுறீங்களோ அம்மா?’ என்றால், ‘ஓம், பத்து வருஷமாப் போடுறன்’ என்பார்கள். நீரிழிவு விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். தொடக்கத்தில் பார்வை குறையாததால் அவர்களுக்கே அது தெரியாது.

‘கண்ணிலே பிரஷர்’ என்றாலும் அதே குழப்பந்தான். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பதாகச் சொல்வார்கள். நாங்கள் கேட்பது குளுக்கோமாவைப் பற்றி. அது பெரும்பாலும் பக்கப் பார்வையை ஓசையின்றித் தின்னும். இழந்த பார்வை திரும்பி வராது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ அந்த நோய் இருந்தால், இங்கிலாந்தில் 40 வயதிலிருந்தே பரிசோதனை இலவசம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் 60 வயதானவர்களுக்கும் இலவசம். ஸ்கொட்லாந்தில் 2006 முதல் எல்லோருக்கும் இலவசம். ‘அங்கே போனால் காசு பறிப்பார்கள்’ என்று வீட்டிலிருக்கும் எங்கள் மூத்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஒதுக்கிய நேரம் வரும்வரை காத்திருக்கக்கூடாத குறைகளும் உண்டு. திடீரெனக் கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலிருத்தல், புதிதாகப் பூச்சிகள் பறப்பது போலத் தெரிதல், திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைதல், நோவோடு கண் சிவத்தல், சடுதியாகப் பார்வை போதல். ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்று இவற்றுக்கு நாங்கள் சொல்வதில்லை. உடனே பரிசோதகரிடம் சொல்கிறோம். விழித்திரை கழன்றிருந்தால் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது. இங்கேயும் அப்படித்தான். பொன்னாலைப் பாலம் கடந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போக நாளை வரை பொறுக்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டி வருகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ‘சீனி வருத்தம்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாது; அம்மம்மாவும் பிள்ளை முன்னால் எல்லாம் சொல்லமாட்டா. அப்படியான வேளையில் நாங்கள் பக்கத்தில் நின்று, ‘அம்மா, இப்ப கண்ணுக்குள்ள காத்து ஒருக்கா அடிக்கும், பயப்பிடாதேங்கோ’ என்று சொல்வதே அவவுக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து வரும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு உங்கள் பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுக்காதீர்கள். அது உங்கள் கண்ணின் வலுவுக்கும், உங்கள் இரண்டு கருமணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கும் செய்தது. போட்டால் தலையிடிக்கலாம். அதைவிட, எழுத்துப் பெரிதாகத் தெரிகிறது என்ற திருப்தியில் அவ வைத்தியரிடம் போகாமலே இருந்துவிடுவா. கண்ணாடியைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒருநாள் கூட இருந்து கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். போகும்போது போடுகிற கண்ணாடியையும் குளிசைப் பட்டியலையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

பெரிய பதவி எதுவும் எங்களுக்கு இல்லை. ஆனாலும் எங்கள் கல்லூரி தந்த தமிழ், வேற்று நாட்டுக் கடை ஒன்றில் ஒரு அம்மாவின் பார்வையைக் காப்பாற்ற உதவுகிறது.