கோப்புக்கு உரிய இடம்



2011ஆம் ஆண்டு செப்டம்பரில், திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. டெபியனைத் தழுவிச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது. இத்தகைய மென்பொருளை எவரும் திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். வழங்குவதற்காகக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டியதைப் பொதி என்பர்.

ஆவடியில் நான் அறிந்த இளைஞர் ஒருவர், தமிழ் எழுத்துரு ஒன்றைப் பொதியாகக் கட்டினார். நிறுவியபோது கணினி பிழை எதுவும் கூறவில்லை. ஆயினும் திரையில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்களே தோன்றின. எழுத்துருவே பழுது என்று அவர் எண்ணினார்.

இந்நிலையில் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. கோப்பு எங்கே வைக்கப்பட்டது? கணினி அதை எங்கே தேடுகிறது? பொதி வைத்த கோப்புகளை இடத்துடன் பட்டியலிடுவது 'டிபிகேஜி' என்னும் கட்டளை. கணினி கண்டறிந்த எழுத்துருக்களைக் காட்டுவது 'எஃப்சி-லிஸ்ட்'. இரண்டையும் ஒப்பிட்டோம். முதற்பட்டியலில் இருந்த எழுத்துரு இரண்டாவதில் இல்லை. 'யூஎஸ்ஆர்', அதனுள் 'ஷேர்', அதனுள் 'ஃபான்ட்ஸ்' என்று அமையவேண்டிய பாதையில், ஈற்றெழுத்து விடுபட்டு 'ஃபான்ட்' என்றிருந்தது. அப்பெயரில் அடைவு இல்லையென்று கணினி மறுக்கவில்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கிக் கோப்பை அதில் வைத்துவிட்டது.

கோப்பைக் கையால் உரிய இடத்தில் படியெடுத்து வைத்தால் போதாதா என்று வினவலாம். போதாது. அது அவர் கணினியை மட்டுமே சீராக்கும். அப்பொதியைப் பெறும் அம்பத்தூர் மாணவனுக்கும் பூவிருந்தவல்லி மாணவனுக்கும் கட்டங்களே மிஞ்சும். ஒரு மாணவனின் ஏட்டைத் திருத்துவது வேறு. பாடநூலைத் திருத்துவது வேறு. பொதியினுள் இடங்களைக் குறிக்கும் பட்டியலைத் திருத்தி, பதிப்பெண்ணை உயர்த்தி, மீண்டும் கட்டுவதே முறை.

எக்கோப்பு எங்கே இருத்தல் வேண்டும் என்பதற்கும் நெறி உண்டு. அது முதன்முதலாக 1994இல் வெளிவந்தது. அதன் வழிவந்த நெறியின் மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தது. அதன்படி, இயங்குதளப் பொதிகளின் கோப்புகளிற் பெரும்பாலானவற்றிற்கு உரியது 'யூஎஸ்ஆர்'. அதனுள் இருக்கும் 'லோக்கல்' என்னும் அடைவோ, கணினியின் பொறுப்பாளர் தாமே நிறுவுவனவற்றிற்கு உரியது. பொதி அங்கே கை வைத்தலாகாது.

திரையில் தன் மொழியைக் காணாத மாணவன், பாதையில் ஓரெழுத்துக் குறைந்ததென அறியான். கணினிக்குத் தமிழ் ஒவ்வாது என்றே முடிவு செய்துவிடுவான். ஆகவே பொதி கட்டுவோர், அப்பொதியை முன்பு அறியாத வேறொரு கணினியில் நிறுவிப் பார்த்த பின்னரே பிறர்க்கு வழங்குவாராக.